மூன்று நாளைக்குக் கொடுத்த சாவி

எங்கள் சபையில் ஒருவர் ஜெபம் செய்யும்போது மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. எழுதி வைத்த விதிகளை மீறியவர்களை எங்கள் சபையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த விவகாரம் வரை இதை மீறியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு பழக்கத்தினால், முத்தாபுதுப்பேட்டையில் சபைக்குச் சொந்தமான ஐந்தே கால் சென்ட் நிலமும், அதிலிருந்த ஹாலும், ஹாலுக்குப் பின்னால் இரண்டு சிறிய அறைகளும் நான்கு வருடம் மூன்று மாதம் வேறொருவர் கையில் இருந்தன.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றதும் என்னைச் சபையின் சொத்துக் கமிட்டியில் போட்டார்கள். ஐந்து பேர் கமிட்டி. அதில் சொன்ன நேரத்துக்கு வருகிறவன் நான் ஒருவன்தான். மற்ற நால்வருக்காக நான் காத்திருந்த நேரத்தை ஒரு வருடம் கூட்டிப் பார்த்தேன். பதினொன்றரை மணி நேரம் வந்தது. போதகரிடம் சொன்னேன். "பொறுமை ஆவியின் கனி என்கிறது வேதம், ஐயா" என்றார்.

சாவி கொடுத்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஹால் எங்கள் கிளைச் சபையாக இருந்தது. பின்னாலிருந்த அறைகளில் எங்கள் கோயில் வேலைக்காரர் மனைவியோடு குடியிருந்தார். மணியடிப்பது, பாய் விரிப்பது, ஆராதனை முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவது எல்லாம் அவர் வேலை. பத்தொன்பது வருடம் அங்கே இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த அம்மாள் திருவள்ளூரில் அண்ணன் வீட்டுக்கு ஒரு மாதம் போனாள். கிளைச் சபைக்கு வந்துகொண்டிருந்த ஏழு குடும்பங்களும் ஆவடியில் இருக்கிற எங்கள் தாய்ச் சபைக் கோயிலுக்கே வரத் தொடங்கின. ஹாலைப் பூட்டினோம்.

பூட்டிய மூன்றாவது வாரம் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்போடு ஒரு ஊழியக்காரர் கமிட்டிக்கு வந்தார். நசரத்பேட்டையில் மூன்று மாடி வீடு அவருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

"மூணே மூணு நாள் உபவாசக் கூட்டம், ஐயா. நாலாம் நாள் காலையில சாவி உங்க கையில இருக்கும்" என்றார்.

"எந்தத் தேதி நாலாம் நாள்?" என்று கேட்டேன்.

பொருளாளர் என் முழங்கையைத் தொட்டார். "ஊழியக்காரர்கிட்ட தேதி கேக்கறது நல்லா இருக்காது, ஐயா."

மினிட்ஸ் புத்தகத்தில் 'சகோதரருக்கு ஹாலின் சாவியைக் கொடுப்பது என ஜெபத்துடன் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினார்கள். ஏழே வார்த்தை. எத்தனை நாளைக்கு என்பதற்கு இன்னும் இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும். நான் சொன்ன ஆட்சேபம் எழுதப்படவில்லை. எழுதச் சொல்லிக் கேட்டபோது பக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த பக்கம் காலியாக இருந்ததை நான் பார்த்தேன்.

மூன்று நாள் இருபத்தொரு நாளாயிற்று. ஆண்டவர் நீட்டிக்கச் சொன்னாராம். இருபத்தொன்று நாற்பதாயிற்று. நாற்பதுக்குப் பிறகு அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

ஹால் வாசலில் முதலில் துணி பேனர் ஒன்று கட்டினார். அதில் தன் பெயருக்கு முன்னால் 'பிரதர்' என்று போட்டிருந்தார். ஆறு மாதத்தில் தகர போர்டு வந்தது. அதில் 'பாஸ்டர்'. இரண்டாம் வருடம் உள்ளே விளக்கெரியும் போர்டு வந்தது, அதில் 'அப்போஸ்தலர்', இயேசுவின் நேரடிச் சீடர்களுக்கு உரிய பட்டம். எங்கள் போதகர் பாஸ்டராவதற்கு நான்கு வருடம் படித்து, மூன்று வருடம் கிராமத்தில் சைக்கிள் மிதித்தவர். இவர் பதினாறே மாதத்தில் அப்போஸ்தலர் ஆகிவிட்டார்.

இந்த போர்டுகளுக்கெல்லாம் முன்பே, சாவி கொடுத்த முதல் வாரத்தில், அந்த அம்மாள் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவளுடைய தகரப் பெட்டி, அடுப்பு, இரண்டு சாக்குப் பாத்திரம் எல்லாம் தார்ப்பாயில் சுற்றி வாசலில் வைக்கப்பட்டிருந்தன. அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, ஊட்டுக்காரரு செத்து நாப்பது நாளு ஆவல. என் அடுப்பத் தூக்கி வெளிய வெச்சிக்கிறாங்க. யாரு அந்தாளு?"

"மூன்று நாளில் போய்விடுவார்" என்று சொன்னேன். நான் அப்படிச் சொன்னதை அவள் அதன் பிறகு எத்தனை முறை எனக்கு நினைவுபடுத்தினாள் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

அவளுக்கு அருகிலிருந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கும் வேலை கிடைத்தது. நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு, எழுபத்திரண்டு படி. மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆறடிக்கு நான்கரை. நான் டேப் வைத்து அளந்தேன். வாளியும் துடைப்பமும் போக மீதி இடத்தில் காலை நீட்டிப் படுத்தால் கதவை மூட முடியாது. கதவு திறந்தே கிடக்க, இரவில் வேலை முடித்து வருகிற ஐ.டி. பிள்ளைகள் மேலேறிப் போகிற காலடிச் சத்தத்தில்தான் நான்கு வருடம் அவள் தூங்கினாள். அந்த இரண்டு அறைகளும் திரும்பக் கிடைத்தால் அவளுக்கே என்று கமிட்டி அவளிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தது. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் கிடைக்கட்டும் என்றார்கள்.

கிடைப்பதற்காக நாங்கள் நான்கு தடவை நேரில் போனோம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான். ஐந்து பேரும் வேகமாகப் போவோம். அந்த ஊழியக்காரர் வாசலுக்கே வந்து, "ஸ்தோத்திரம் ஐயா, வாங்க வாங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். நாற்காலி போடுவார். நான் ஃபைலைத் திறப்பேன். உடனே அவர், "ஐயா வயசுல பெரியவங்க. ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் பேசலாமா?" என்பார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஐந்து பேரும் கண்ணை மூடுவோம்.

முதல் தடவை இருபத்திரண்டு நிமிடம். இரண்டாம் தடவை முப்பத்தைந்து. அதில் எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார். பொருளாளர் மகளுக்கு வரன் அமையவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அதற்காகக் கண்ணீர்விட்டு மன்றாடினார். பதினோராம் நாள் அந்தப் பெண்ணுக்கு வரன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பொருளாளர் கமிட்டியில் வாயைத் திறந்தால், "என்ன இருந்தாலும் அவர் ஜெபத்துல ஒரு வல்லமை இருக்கு" என்றுதான் தொடங்குவார். என் மூட்டு வலிக்காகவும் ஜெபித்தார். அந்த வாரம்தான் எனக்கு இன்னொரு முழங்காலும் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் தடவை நாற்பத்தேழு நிமிடம். அது நாற்பத்தேழு என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் அவரும் கண்ணைத் திறந்துகொண்டு சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் மட்டும் ஓடுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "கண்களைத் திறந்தருளும், ஆண்டவரே" என்று எனக்காக ஒரு வரி சேர்த்துக்கொண்டார். வெளியே வந்து இதை யாரிடம் சொல்வது? அவர் கண்ணைத் திறந்தார் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்பார்கள்.

ஜெபம் முடிந்ததும் டீ வரும். டீ முடிந்ததும் எங்களில் ஒருவருக்கு வேலை இருக்கும். பேச்சு அடுத்த வாரத்துக்குப் போகும்.

ஹாலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டேயிருந்தார். நான்காம் தடவை அறுபத்தொரு நிமிடம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது கூப்பிட்டார்.

"இன்னா பெர்சு, காலி பண்ணிட்டாரா?"

"பேசியிருக்கிறோம்" என்றேன்.

"எங்க பேசுனீங்க? உள்ள ஒரு குரலுதான கேட்டுகினு இருந்திச்சு."

அன்று மாலையே வழக்குப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வழக்கு இரண்டு வருடம் ஏழு மாதம் நடந்தது. முப்பத்துநான்கு வாய்தா. இருபத்தொன்பதுக்கு நான் போனேன். மீதி ஐந்தில் இரண்டு நாள் மழை, மூன்று நாள் முழங்கால். 'சபையே சாவி கொடுத்தது, திருப்பித் தரும் தேதி எதுவும் குறிக்கவில்லை, நான் அங்கேயே குடியிருக்கிறேன்' என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். குடியிருப்பதற்குச் சாட்சியாக ஒரு கட்டிலையும் கொசுவலையையும் படம் பிடித்துக் கொடுத்திருந்தார். நீதிபதி எங்கள் மினிட்ஸ் புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

"ஜெபத்துடன் தீர்மானிக்கப்பட்டதுன்னா? எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு?" என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். எதிர்ப்பு என்பதற்கு நான் ஒரு விரலைக் காட்டினேன். நீதிபதி சிரித்ததுபோல் இருந்தது. கடைசியில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. சொத்தைக் கையகப்படுத்திக் கொடுக்கக் கோர்ட் அமீனாவுக்கு வாரண்ட் போட்டார்கள். பிடிவாதம் பிடித்தால் பூட்டை உடைத்து ஆளை வெளியேற்றிச் சாவியை நம் கையில் கொடுப்பது அமீனாவின் வேலை.

அமீனா நெற்றி நிறைய விபூதி வைத்த, இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப் போகிற மனிதர். காலையில் வருவதாகச் சொன்னவர் மாலை நாலு பத்துக்கு வந்தார். குடியிருக்கிற வீட்டுக்குள் சூரியன் மறைந்த பிறகு அமீனா நுழையக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அப்போஸ்தலருக்குத் தெரிந்திருந்தது. நாலு இருபத்தைந்துக்கு அமீனாவை வரவேற்றார். "ஐயா, நீங்க அரசாங்கத்தின் ஊழியர். உங்களுக்காகவும் ஒரு வார்த்தை" என்றார். அமீனா செருப்பைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

நான் அமீனாவின் காதருகே போய், "சார், இருட்டப் போகிறது" என்றேன்.

"சாமி கும்பிடும்போது நான் எப்படி சார் நடுவுல பூட்டத் தொடறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று அவர் கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தார்.

ஆறு இருபதுக்கு ஜெபம் முடிந்தது. அமீனா வானத்தைப் பார்த்துவிட்டு, நேரமின்மையால் வாரண்ட் திரும்புகிறது என்று எழுதிக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமென் வந்தாதான மாமே அமீனா உள்ள போவ முடியும்?"

புது வாரண்ட்டும் போலீஸ் துணையும் வாங்க இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாளின் நிலைமை மோசமாகிவிட்டது. அடுக்குமாடியில் மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் போடும் பெட்டி வைக்கப் போகிறார்கள். அதற்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறைதான் தோதானதாம். சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார்.

"ரெண்டு மாசம் டைம் கொடுத்துட்டோங்க சார். முப்பதாம் தேதி எலெக்ட்ரீஷியன் வர்றாருங்க. அந்தம்மா வேலைய நாங்க எடுக்கலைங்க. தங்கறதுக்குத்தான் இடமில்லைங்க."

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா?"

"பதினாலு வீட்ல வண்டி வாங்கிட்டாங்க சார்."

இருபத்துநான்கில் பதினான்கு. குறித்துக்கொண்டு எழுந்தேன். அமீனா மறுபடி வருகிற நாளும் அதே முப்பதாம் தேதியாக அமைந்தது. அன்று தவறினால் அவள் அன்று இரவு எங்கே படுப்பாள் என்று கமிட்டியில் கேட்டேன். "கர்த்தர் வழிவிடுவார்" என்று நான்கு பேரும் சொன்னார்கள். கர்த்தரிடம் ஆறடிக்கு நான்கரை அறை இருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

முப்பதாம் தேதி காலை எட்டரைக்கே அமீனாவை வீட்டில் போய் அழைத்து வந்தேன். கூட ஒரு கான்ஸ்டபிள். எங்கள் போதகரும் கமிட்டியும் வந்து சேர ஒன்பது பத்து ஆயிற்று. இந்தத் தடவை என் ஃபைலில் முப்பத்துநான்கு பக்கங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்டிருந்தேன். அப்போஸ்தலர் ஜெபம் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பின் மூன்றாம் பத்தியை உரக்கப் படித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஹாலின் இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. ஒரு கதவை லேசாகத் தள்ளினோம். உள்ளே ஜெபம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டாராம். பாயில் இருபத்துமூன்று பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பையன் செல்போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்தான். திரையில் பார்ப்பவர்கள் நாற்பத்தொன்று என்று காட்டியது. எங்கள் ஆட்கள் நால்வரும் வாசலில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்கள். போதகரும் மூடிக்கொண்டார். நான் ஃபைலைத் திறந்தேன். அவர் மைக்கில் இருந்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கான்ஸ்டபிளிடம் போனேன். "தம்பி, நீங்களாவது."

"நேரலை ஓடுது சார். ஜெபத்துல கை வெச்சா சாயந்தரம் என் மூஞ்சி ஊரு பூரா வரும். முடியட்டும்."

"முடியாது. அதுதான் விஷயமே. மாலை வரை முடிக்க மாட்டார்."

அமீனா கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு எனக்குத் திருநின்றவூர்ல இன்னொரு வாரண்ட் இருக்கு சார். அதுக்கு மேல நிக்க முடியாது."

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. அவர் இந்தியாவின் மாநிலங்களுக்காக ஒவ்வொன்றாக ஜெபிக்கத் தொடங்கினார். நான் எண்ணினேன். பதினொன்றாவது மாநிலத்தில் வாசலில் மீன்பாடி வண்டிச் சத்தம் கேட்டது. அந்த மூன்று சக்கர வண்டியில் தகரப் பெட்டி, அடுப்பு, இரண்டு சாக்கு, ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் குடம். பின்னாலேயே அவள் நடந்து வந்தாள். எலெக்ட்ரீஷியன் காலையிலேயே வந்துவிட்டானாம்.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, எறக்கவா, வேணாவா? எனக்கு வேற லோடு கீது."

"இரு அண்ணாத்தே" என்றாள். என்னிடம் வந்து, "இன்னா ஐயா, இன்னும் பூட்டு போடலயா?" என்று கேட்டாள்.

"ஜெபம் நடக்கிறது."

"எப்பத்திலேந்து?"

"ஐந்து மணியிலிருந்து. ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். எங்கள் போதகரைப் பார்த்தாள், பொருளாளரைப் பார்த்தாள், கையைக் கட்டி நிற்கிற அமீனாவைப் பார்த்தாள்.

"அவுரு கண்ண மூடுனா நீங்க எல்லாரும் மூடிக்கிறீங்க. அவுரு தொறக்க சொன்னாத்தான் தொறப்பீங்களா?" என்றாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் நடுவில் நின்றாள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் ஒரு மாநிலத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் அவள் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரமண்டல ஜெபத்தை ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. தூக்கத்தில் இருந்தாலும் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். எங்கள் கூட்டங்களில் அது கடைசியில் வருவது. அது வந்தால் எல்லாம் முடிகிறது என்று பொருள். இரண்டாவது வார்த்தையிலேயே பாயில் இருந்த இருபத்துமூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மிஷன் பள்ளியில் படித்தவராம், கான்ஸ்டபிளும் கூடவே சேர்ந்து சொன்னார். மைக்கில் அப்போஸ்தலர் ஒரு வரி தனியாக ஜெபித்துப் பார்த்தார். அடுத்த வரியில் அவர் வாயும் எங்களோடு வந்துவிட்டது. முப்பத்தெட்டு விநாடி.

அது முடிந்ததும் எங்கள் போதகர் செய்ததை அவர் யோசித்துச் செய்தார் என்று நான் நம்பவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். பரமண்டல ஜெபம் முடிந்தால் அவர் வலது கை தானாக மேலே போகும். போயிற்று. கண்ணை மூடியபடியே, கூட்டத்தை முடித்து அனுப்புகிற ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். அவள் போய், பத்தொன்பது வருடம் அவள் கணவர் செய்ததுபோல, இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தாள்.

அவ்வளவுதான். பாயிலிருந்தவர்கள் எழுந்து, பைபிளைப் பையில் போட்டு, ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார்கள். நேரலைப் பையன் செல்போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டான்.

"உக்காருங்க, உக்காருங்க, கூட்டம் முடியல" என்று அவர் மைக்கில் சொன்னார்.

ஒரு வயதான பெண் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "ஆசீர்வாதம் சொல்லிட்டாங்களே பாஸ்டரு. காலம்பர ஒல கூட வெக்காம வந்துகீறேன். பேரப்புள்ளைங்க ஸ்கூல்லேந்து வந்துரும்."

"அது அவங்க சபை ஆசீர்வாதம், அம்மா. நம்முது இல்ல."

"எந்தச் சபையா இருந்தா இன்னா? ஆசீர்வாதம் ஆசீர்வாதந்தான."

அவளைத் திருப்பி அழைக்க அவர் மைக்கை வைத்துவிட்டு வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வெளியே வந்தார். அமீனா பத்து வயது குறைந்தவர்போல் பாய்ந்து போய் அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றார்.

"ஜெபம் முடிஞ்சுதுங்களா சார்?" என்று போதகரிடம் கேட்டார்.

போதகருக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "முடிந்தது" என்றார். மணி பத்து நாற்பத்தொன்பது.

அதன் பிறகு அமீனா, உள்ளே இருந்த சாமான்களின் பட்டியலான பஞ்சநாமாவை எழுதினார். நான் எண்ணிச் சொன்னேன். நாற்காலி அறுபத்துநான்கு, ஒலிபெருக்கி நான்கு, டிரம்ஸ் ஒன்று, கட்டில் ஒன்று, கொசுவலை ஒன்று. கொசுவலை பிரிக்கப்படாமல் கடை உறையிலேயே இருந்தது. நான்கு வருடமாகக் குடியிருந்தவர். அதைத் தனியாக எழுதச் சொன்னேன். தேவையில்லை என்றார் அமீனா. என் ஃபைலின் முப்பத்துநான்கு பக்கங்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அப்போஸ்தலருடைய வேன் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டது. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து, "உங்க முழங்காலுக்காகத் தொடர்ந்து ஜெபிக்கிறேன், ஐயா" என்றார். தயவுசெய்து வேண்டாம் என்றேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். பின் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ரூம் நல்லாத்தான் இருக்கு. அவசரப்பட வேணாம். முறைப்படி ஒரு கமிட்டி கூட்டி, யாருக்குக் கொடுக்கறதுன்னு பேசி முடிவு பண்ணலாம். ஆபீஸுக்கும் நமக்கு இடம் இல்ல. அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். சாவி என் கையில்தான் இருந்தது. அமீனா கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம்தான் கொடுத்திருந்தார். முறை என்று பார்த்தால் பொருளாளர் சொன்னதில் தவறில்லை. முறைக்காகவே நாற்பது வருடம் எல்லாரோடும் சண்டை போட்டவன் நான்.

"தேதி என்ன?" என்று கேட்டேன்.

"எந்தத் தேதி?"

"கமிட்டி கூடுகிற தேதி."

"பாக்கலாம், ஐயா. எல்லாருக்கும் தோதுப்படணும் இல்ல?"

நான் பின்பக்கம் போனேன். அவள் வண்டியருகே தகரப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வண்டிக்காரர் இன்னொரு காதைப் பிடித்திருந்தார். "எறக்கவா, வேணாவா?" என்று இப்போது என்னைக் கேட்டார்.

"இறக்குங்கள்" என்றேன். சாவியை அவள் கையில் வைத்தேன்.

ஐந்தே நடையில் சாமான் உள்ளே போய்விட்டது. அறைகளில் ஏற்கெனவே இருந்த சபைச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டு அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விளக்கு மூன்று, விசிறி ஒன்று, அலமாரி ஒன்று, குழாய் இரண்டு, அதில் ஒன்று ஒழுகுவது. வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். முன்பக்கமிருந்து பொருளாளர் என்னைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

"ஜன்னல் எத்தனை என்று மட்டும் பார்க்க வேண்டும், அம்மா. ஒரு நிமிடம் உள்ளே வரலாமா?"

அவள் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எண்ணிக்கலாம், ஐயா. ஜன்னலு எங்கியும் போவாது. கையெழுத்தும் நாளைக்கிப் போட்றேன். காலு ரெண்டையும் நீட்டிப் படுத்துக் கதவ மூடி நாலு வருசம் ஆவுது."

"பொருளாளர் வருகிறார்" என்றேன்.

"வர்ட்டும். நான் தூங்குறேன்னு சொல்லுங்க."

கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது, பிறகு கீழ்த் தாழ்ப்பாள். பட்டியலில் தாழ்ப்பாள் இரண்டு என்று சேர்த்து எழுதிக்கொண்டு, பொருளாளருக்குப் பதில் சொல்ல முன்பக்கம் போனேன்.